லியா ஃபாஸ்டோ வழக்கு: கணவரின் கணக்கில் மனைவியின் கையெழுத்து

1990-களின் இறுதி ஆண்டுகளில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வசித்த ஒரு குடும்பத்துக்கு 10,000 டாலர் மதிப்புள்ள காசோலைகள் அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. சில கணவரின் பெயரில் இருந்தன, சில மனைவியின் பெயரில், சில அவர்களுடைய சிறுவயது மகன்களின் பெயரில். அனுப்பியவர் உறவினர் அல்லர். கணவர் பணிபுரிந்த நிறுவனத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மைக்கேல் கோப்பர் என்ற அதிகாரி. காசோலைகள் அனைத்தும் அன்பளிப்பு என்றே காட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏன் 10,000 டாலராக இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைய அமெரிக்க வரிச் சட்டத்தின்படி ஒருவர் இன்னொருவருக்கு ஓராண்டில் 10,000 டாலர் வரை அன்பளிப்பு கொடுத்தால், கொடுத்தவர் அதற்கு அன்பளிப்பு வரி கட்ட வேண்டியதில்லை, பெற்றவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டியதும் இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரே ஆள் ஆண்டுக்கு 40,000 டாலரை இப்படி யார் கண்ணிலும் படாமல் சேர்ப்பித்துவிடலாம்.

அந்தக் கணவர் என்ரான் என்ற எரிசக்தி வணிக நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரியாக இருந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டோ. மனைவி லியா ஃபாஸ்டோ. என்ரான் 2001 டிசம்பர் 2 அன்று திவால் மனு தாக்கல் செய்தபோது, அதுவரை அமெரிக்கா கண்டிராத அளவில் பெரிய திவாலாக அது இருந்தது. இந்திய வாசகர்களுக்கு என்ரான் என்றதும் மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையமும் அதைச் சுற்றி எழுந்த அரசியல் புயலும் நினைவுக்கு வரக்கூடும். இந்த ஆய்வு அதைப் பற்றியதன்று. நிறுவனத்தின் வீழ்ச்சியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது, அவற்றில் லியாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். ஆனால் வாழ்க்கைத்துணையின் உயர்வுக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பது நடைமுறையில் எப்படி இருக்கும், எந்தக் கட்டத்தில் அது குற்றமாக மாறுகிறது, அதற்குச் சட்டம் என்ன விலை வைக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு, என்ரானில் தண்டிக்கப்பட்ட பெரிய மனிதர்களின் வழக்குகளைக் காட்டிலும் இந்தச் சிறிய வழக்கே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

லியா ஏழ்மையிலிருந்து மேலே வரத் துடித்த பெண் அல்லர். ஹூஸ்டனில் மளிகைக் கடைச் சங்கிலியாலும் நில வணிகத்தாலும் பெயர்பெற்ற வெயின்கார்ட்டன் குடும்பத்தில் பிறந்தவர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆண்ட்ரூவைச் சந்தித்தார். 1984-இல் திருமணம் நடந்தது. இருவரும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றனர், இருவரும் சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய் வங்கியில் வேலை பார்த்தனர், 1990-இல் இருவரும் என்ரானுக்கு வந்தனர். வீட்டுக் கடன், வாகனக் கடன் போன்றவற்றை மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக விற்கும் கலையை ஆண்ட்ரூ அந்த வங்கியில்தான் கற்றார். லியா என்ரானில் துணைப் பொருளாளர் பொறுப்பு வரை உயர்ந்தார். பிள்ளை வளர்ப்புக்காக 1997-இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு, 36 வயதில், ஆண்ட்ரூ தலைமை நிதி அதிகாரியானார்.

இந்த வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கணவர் நீட்டிய தாளில் எதுவும் புரியாமல் கையெழுத்திட்ட இல்லத்தரசி என்ற படம் லியாவுக்குப் பொருந்தாது. கணவரின் தொழில் அவருடைய தொழிலாகவும் இருந்தது. நிறுவனங்களின் நிதியறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர், கடனுக்கும் முதலீட்டுக்கும் வருமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர். ஒரே துறையில் இருக்கும் இருவரில் ஒருவர் வீட்டுக்குத் திரும்பும்போது, மற்றவரின் வளர்ச்சி இருவருக்கும் பொதுவான ஒரே முதலீடாகிவிடுவதுண்டு. தன் பெயரில் இனிக் கிடைக்காத பதவி உயர்வு துணையின் பெயரிலாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமலே இருந்துவருகிறது. லியாவின் மனத்தில் அது இருந்ததா என்பதை வெளியாள் சொல்ல முடியாது. வழக்கு ஆவணங்களில் தெரிவது செயல்கள்தாம்.

முதல் செயல் காற்றாலைகளைப் பற்றியது. 1997-இல் என்ரான், காற்றாலை நிறுவனமான ஜாண்டைத் தன்வசமாக்கியது. அதே ஆண்டில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் ஜெனரல் என்ற மின்வாரிய நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சிறிய, மாற்று எரிசக்தி மின்நிலையங்களுக்குச் சில சலுகைகளை அளித்திருந்தது. ஆனால் மின்வாரிய நிறுவனம் ஒன்று அத்தகைய நிலையத்தில் பாதிக்கு மேல் உரிமை வைத்திருந்தால் சலுகை போய்விடும். ஆகவே என்ரான் காற்றாலைகளில் தன் உரிமையைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும். உண்மையான வெளியாள் ஒருவருக்கு விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆண்ட்ரூ ஃபாஸ்டோ விற்கவும் விரும்பினார், கையைவிட்டுப் போகவும் விரும்பவில்லை. ஆர்ஏடிஆர் என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் முதலீட்டாளர்களாகக் கோப்பரின் வாழ்க்கைத்துணையும் ஃபாஸ்டோ குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு வீட்டு விற்பனை முகவரும் நிறுத்தப்பட்டனர். அவர்கள் போட வேண்டிய முதலீட்டுக்கு 419,000 டாலர் ஃபாஸ்டோ தம்பதியிடமிருந்து வந்தது என்று குற்றப்பத்திரிகை கூறியது. நம் ஊரில் இதற்குப் பெயர் பினாமி, விளக்கவே தேவையில்லை.

கொடுத்த பணம் கூடுதல் தொகையோடு சில மாதங்களில் திரும்பி வந்தது. அதற்குப் பின் காற்றாலைகள் ஈட்டிய லாபத்தில் ஒரு பங்குதான் அன்பளிப்பு என்ற பெயரில் 10,000 டாலர் காசோலைகளாக வீட்டுக்கு வரத் தொடங்கியது. தன் முதலாளியான நிறுவனத்தின் சொத்தை வாங்குவது போல நாடகமாடி, அதன் லாபத்தை மறைமுகமாகப் பெறுவது ஆண்ட்ரூவின் குற்றம். அந்தக் காசோலைகளின் பின்புறம் கையெழுத்திட்டு வங்கியில் செலுத்துவதும், ஆண்டு முடிவில் வரிப் படிவத்தில் அவற்றைக் காட்டாமல் விடுவதும் லியாவின் பங்கு. கவனிக்க வேண்டியது, இரண்டாவது வேலை எவ்வளவு சாதாரணமானது என்பது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வரி, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றுக்கு நடுவே செய்யப்படும் அலுவல் அது. பெரிய மோசடிகள் அலுவலகத்தில் திட்டமிடப்படலாம். ஆனால் அதன் ஆதாயம் எங்காவது ஒரு வீட்டுக் கணக்கில் வந்து இறங்கியாக வேண்டும், அதை இறக்கி வைக்க வீட்டிலிருப்பவரின் கை வேண்டும்.

இரண்டாவது நிகழ்வு செவ்கோ. என்ரானின் ஜெடி என்ற கூட்டு முதலீட்டு நிறுவனத்தில் கலிஃபோர்னிய அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு இருந்த பங்கை 1997-இன் இறுதியில் 383 மில்லியன் டாலருக்கு வாங்குவதற்காக உருவாக்கப்பட்டது அது. இரண்டு பெயர்களுமே விண்வெளிப் போர்த் திரைப்படத் தொடர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பல கோடி டாலர் கடனை மறைக்கும் ஏற்பாட்டுக்கு விளையாட்டுப் பெயர் வைக்கும் மனநிலை அந்தக் காலத்து என்ரானைப் பற்றி ஓரளவு சொல்கிறது. இத்தகைய அமைப்பின் கடன் என்ரானின் கணக்கேட்டில் ஏறாமல் இருக்க வேண்டுமானால் அதன் மூலதனத்தில் குறைந்தது 3 விழுக்காடாவது உண்மையான வெளி முதலீடாக இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கியல் விதி. என்ரான் இயக்குநர் குழு பின்னர் அமைத்த பவர்ஸ் விசாரணைக் குழுவிடம் ஆண்ட்ரூவின் மேலதிகாரியான ஜெஃப்ரி ஸ்கில்லிங் கூறியதன்படி, இந்த முதலீட்டுக்கு ஆண்ட்ரூ முதலில் முன்மொழிந்தது தன் மனைவியின் குடும்பத்தாரை. அது சரிவராது என்று ஸ்கில்லிங் தடுத்தார். மாமனார் வீட்டுச் செல்வமும் கணவரின் திட்டத்தில் ஒரு கருவியாகவே எண்ணப்பட்டது என்பதை இந்த ஒரு தகவல் காட்டுகிறது. இறுதியில் கோப்பரே செவ்கோவை நடத்தினார். அவரும் அவருடைய துணையும் போட்ட 125,000 டாலர், 10 மில்லியன் டாலருக்கும் மேலாகப் பெருகியது. செவ்கோவின் அலுவலகப் பணிகளைக் கவனித்ததற்காக லியாவுக்கு 54,000 டாலர் கொடுக்கப்பட்டது என்பதும் பின்னர் தெரியவந்தது.

மூன்றாவது கட்டத்தில் குடும்பம் பெயர்ப்பலகைக்கே வந்துவிட்டது. 1999-இல் ஆண்ட்ரூ தொடங்கிய எல்ஜேஎம் கூட்டு முதலீட்டு நிறுவனங்களின் பெயர், லியாவின் பெயரிலும் இரண்டு மகன்களின் பெயர்களிலும் உள்ள முதல் எழுத்துகளால் ஆனது. என்ரானின் நிதித் தலைவரே, என்ரானோடு வாங்கல் விற்றல் செய்யும் வெளி நிறுவனத்தையும் நடத்துவது நிறுவனத்தின் நடத்தை விதிக்கு முரணானது. அந்த விதியிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தது இயக்குநர் குழு. அதே ஆண்டு நிதித்துறைப் பத்திரிகை ஒன்று அவருக்குச் சிறந்த நிதி அதிகாரி என்ற விருதையும் அளித்தது. இந்த அமைப்புகளிலிருந்து ஆண்ட்ரூ 30 மில்லியன் டாலருக்குக் குறையாமல் ஈட்டினார் என்று பவர்ஸ் குழு கணக்கிட்டது. ஒரு நடவடிக்கையில் ஃபாஸ்டோ குடும்ப அறக்கட்டளையின் பெயரில் போடப்பட்ட 25,000 டாலர், ஏறத்தாழ இரண்டே மாதங்களில் 4.5 மில்லியன் டாலராகத் திரும்பியது. அந்த முதலீட்டு அமைப்புக்குச் சவுத்தாம்ப்டன் என்று பெயர். ஃபாஸ்டோ குடும்பம் குடியிருந்த ஹூஸ்டன் குடியிருப்புப் பகுதியின் பெயர் அது. மனைவி, மக்கள், வசிக்கும் தெரு என்று தனக்கு நெருக்கமான ஒவ்வொன்றின் பெயரையும் அவர் தன் ஏற்பாடுகளின் மேல் ஒட்டினார். இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாம். இவை அனைத்தும் உங்களுக்காகத்தான் என்று வீட்டாரைப் பங்காளிகளாக்கும் முறை என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் எல்ஜேஎம் பெயரின் பொருளை லியா அறியாதிருக்க வழியில்லை.

வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2000 ஆகஸ்டில் 90 டாலரைத் தொட்ட பங்கு, 2001-இன் இறுதியில் சில சென்ட்டுகளுக்கு வந்தது. அக்டோபர் 16 அன்று 618 மில்லியன் டாலர் நட்டம் அறிவிக்கப்பட்டது; அக்டோபர் 24 அன்று ஆண்ட்ரூ பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஓய்வூதியச் சேமிப்பை என்ரான் பங்குகளிலேயே வைத்திருந்த ஊழியர்கள் மொத்தமாக ஒரு பில்லியன் டாலருக்கும் மேல் இழந்தனர். ஃபாஸ்டோ குடும்பத்தின் துயரத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊழியர்களின் குடும்பங்களை மறந்துவிடக் கூடாது. அவர்களில் எவருக்கும் 10,000 டாலர் அன்பளிப்பு வந்ததில்லை.

2002 ஆகஸ்டில் கோப்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்கு ஒத்துழைக்கத் தொடங்கினார். அக்டோபர் மாத இறுதியில் ஆண்ட்ரூ மீது 78 குற்றச்சாட்டுகள் பதியப்பட்டன. அவர் அசையவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கு வேண்டியிருந்தது ஆண்ட்ரூ மட்டுமல்லர். அவருக்கு மேலே இருந்த ஸ்கில்லிங்கும் கென்னத் லேயும். அவர்களை நோக்கிப் போகும் வழி ஆண்ட்ரூவின் வாய்வழியாகத்தான் இருந்தது. 2003 மே 1 அன்று லியா மீது ஆறு குற்றச்சாட்டுகள் பதிவாயின: மோசடிச் சதி ஒன்று, பணப்பரிமாற்றக் குற்றத்துக்கான சதி ஒன்று, பொய்யான வரிப் படிவம் தாக்கல் செய்தது நான்கு. கணவரைப் பணியவைக்கவே மனைவி மீது வழக்குப் போடப்பட்டது என்று அன்று பலரும் எழுதினர். அந்தக் கூற்றை மறுப்பது கடினம். ஆனால் நெம்புகோலைப் போட இடுக்கு ஒன்று வேண்டுமே. அந்த இடுக்கை அரசு உருவாக்கவில்லை. வரிப் படிவங்களில் இருந்த கையெழுத்து லியாவுடையதுதான்.

இந்த இடத்தில் அமெரிக்க வரிமுறையின் ஒரு கூறு முக்கியமாகிறது. இந்தியாவில் கணவரும் மனைவியும் தனித்தனியாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். அமெரிக்காவில் திருமணமானவர்கள் சேர்ந்து ஒரே படிவம் தாக்கல் செய்யலாம், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள், வரி குறைவது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் கூட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் இருவரும் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் முழுப் பொறுப்பாளிகள். பாக்கி வரி முழுவதையும் இருவரில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். துணையின் வருமானம் மறைக்கப்பட்டது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்கக் காரணமும் இல்லை என்று நிரூபிப்பவருக்கு அந்த வரிச் சுமையிலிருந்து விலக்குத் தரும் ஏற்பாடு ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. துணைப் பொருளாளராக இருந்த ஒருவர், தானே வங்கியில் செலுத்திய காசோலைகளைப் பற்றி அப்படி வாதிடுவது எளிதன்று. சேர்ந்து தாக்கல் செய்வது கட்டாயமும் அன்று. தனிப் படிவம் தாக்கல் செய்ய எந்த மனைவிக்கும் உரிமை உண்டு. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கையெழுத்திட்டவர் திடீரென்று இந்த ஆண்டு என் கணக்கு தனி என்று சொன்னால், உன் பணத்தை நான் நம்பவில்லை என்று கணவரிடம் சொன்னதாகத்தான் பொருள். எத்தனை பேர் அதைச் சொல்வார்கள்?

இதே சட்டம் வேறோர் இடத்தில் திருமண உறவுக்கு மிகுந்த மதிப்புக் கொடுக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில், குற்றவழக்கில் தன் வாழ்க்கைத்துணைக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்வதா வேண்டாமா என்பதை அந்தச் சாட்சியே முடிவுசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தெளிவுபடுத்தியது. அதாவது லியா கணவருக்கு விசுவாசமாக வாய்மூடி இருந்திருந்தால் அதைச் சட்டம் தொட்டிருக்காது. மௌனத்துக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு கையெழுத்துக்குக் கிடைப்பதில்லை. இவ்வழக்கைப் படிக்கும் எவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுவே என்று எண்ணுகிறேன். துணையின் லட்சியத்துக்காக நகரை விட்டுப் பெயர்வதும், வேலையை விடுவதும், இரவு விருந்துகளில் புன்னகைத்து நிற்பதும் தியாகம் எனப்படுகின்றன. காசோலையின் பின்புறத்தில் பெயரெழுதும் கணத்தில் செய்பவருக்கும் அது அவற்றின் தொடர்ச்சியாகவே தோன்றியிருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் நடுவில் ஒரு கோடு தெரிகிறது.

2004 ஜனவரி 14 அன்று இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். உடன்பாட்டின்படி ஆண்ட்ரூவுக்குப் பத்தாண்டுச் சிறை. ஏறத்தாழ 24 மில்லியன் டாலர் மதிப்புள்ள பணத்தையும் சொத்தையும் அவர் இழக்க வேண்டும். மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். லியா ஒரே ஒரு பொய் வரிப் படிவக் குற்றத்தை ஏற்றுக்கொள்வார். ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் அவருக்குப் போதும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. பேரத்தின் மையத்தில் இருந்தவர்கள் இரண்டு சிறுவர்கள். பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் சிறையில் இருக்கக் கூடாது என்பதற்காக, மனைவி முதலில் தண்டனையை முடித்துவிட்டு வருவது, அதன் பிறகு கணவர் போவது என்று தண்டனைகள் வரிசைப்படுத்தப்பட்டன. ஓராண்டுக்கும் மேலாக வளைந்துகொடுக்காத ஆண்ட்ரூ ஒத்துழைக்க இசைந்தது இந்த ஏற்பாட்டுக்காகத்தான் என்று கருத இடமிருக்கிறது. மனைவி கணவருக்காகச் செய்ததற்கு ஈடாகக் கணவர் மனைவிக்காகச் செய்தது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அவர் ஓராண்டு முன்பே இசைந்திருந்தால் லியா மீது வழக்கே வந்திருக்காதே என்று கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் தரப்பின் பக்கம்.

ஆண்ட்ரூவின் வழக்கும் லியாவின் வழக்கும் ஒரே நீதிபதியிடம் இல்லை. லியாவின் நீதிபதி டேவிட் ஹிட்னர், தண்டனையை வழக்கறிஞர்கள் முடிவுசெய்து தன் கையில் கொடுப்பதை விரும்பாதவர். தண்டனை வழிகாட்டு விதிகளின்படி லியாவின் குற்றத்துக்குரிய சிறைக்காலம் 10 முதல் 16 மாதங்கள். ஐந்து மாதம் என்ற பேரத்துக்குத் தான் கட்டுப்பட முடியாது என்று 2004 ஏப்ரலில் அவர் மறுத்துவிட்டார். லியா தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். ஆண்ட்ரூவின் ஒத்துழைப்பை இழக்க விரும்பாத அரசுத் தரப்பு, பழைய குற்றச்சாட்டுகளைக் கைவிட்டு, பொய்யான வரிப் படிவத்தைத் தெரிந்தே கொடுத்தது என்ற சிறிய குற்றத்தை மட்டும் பதிவுசெய்தது. அதற்கு அதிகபட்சத் தண்டனையே ஓராண்டுதான். ஐந்து மாதத்தை மீண்டும் எட்டிவிடலாம் என்பது கணக்கு. அரசுத் தரப்பின் இந்த உத்தியைக் கடுமையாகச் சாடிய ஹிட்னர், மே 6 அன்று அந்த ஓராண்டு முழுவதையும் விதித்தார்.

சட்ட நுணுக்கம் ஒன்று இங்கே லியாவுக்கு எதிராகத் திரும்பியது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலம் குறைக்கப்படுவது ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைகளுக்கு மட்டுமே. ஓராண்டும் ஒரு நாளும் என்று தண்டிக்கப்பட்டவர் சில வாரங்கள் முன்னதாக வெளியே வரலாம், சரியாக ஓராண்டு பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. பெரிய குற்றம் சிறிய குற்றமாக மாற்றப்பட்டதால் கிடைத்த பயன் பெயரளவுக்கே இருந்தது. பிரையன் நகரில் இருந்த, கட்டுப்பாடு குறைந்த மகளிர் சிறை முகாமுக்கு அனுப்பப்படலாம் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. 2004 ஜூலை 12 அன்று அவர் சரணடைந்தது ஹூஸ்டன் நகரின் நடுவே இருக்கும் கூட்டாட்சித் தடுப்புக்காவல் மையத்தில். பெரும்பாலும் விசாரணைக் கைதிகளை வைத்திருக்கும் பல மாடிக் கட்டடம் அது. ஏறத்தாழ பதினொரு மாதங்களை அங்கே கழித்த அவர், 2005 ஜூனில், விடுதலைக்கு முன் கைதிகளைத் தங்கவைக்கும் இடைநிலை விடுதிக்கு மாற்றப்பட்டு, ஜூலையில் விடுதலையானார்.

லியாவுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு நீதிமன்றம் அளித்த விடை மிகக் குறுகியது: காட்டப்பட வேண்டிய வருமானம் காட்டப்படவில்லை என்பது தெரிந்திருந்தது. என்ரானின் நிதியறிக்கைகள் திரிக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குறுகிய விடையிலேயே போதிய செய்தி இருக்கிறது. கணவரின் முழுத் திட்டத்தையும் அறிந்து உடன்பட்டவர்தான் அழிவார் என்பதில்லை. திட்டத்தின் ஒரு நுனி தன் மேசைக்கு வந்தபோது, இது என்ன என்று கேட்காமல் இருப்பதே போதுமானதாக இருந்தது. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்: கோப்பர் நம் நண்பர், சட்டம் அனுமதிக்கும் அளவுதானே, வழக்கறிஞர்கள் பார்த்துவிட்டார்கள். என்ரானின் இயக்குநர்களும் தணிக்கையாளர்களும் வங்கியாளர்களும் இதே வகைப் பதில்களைக் கேட்டுத் தலையசைத்தவர்கள்தாம். அவர்களில் பலருக்கு நாற்காலி போனது, பெயர் போனது. சிறைக்குப் போனவர்கள் சிலரே. வீட்டிலிருந்து தலையசைத்தவர் போனார்.

2006 மார்ச்சில், ஸ்கில்லிங், லே ஆகியோருக்கு எதிரான வழக்கில் ஆண்ட்ரூ சாட்சிக் கூண்டில் நின்றார். தன்னை ஆட்டுவித்தது பேராசை என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் டேனியல் பெட்ரோசெல்லி லியாவின் சிறைவாசத்தைப் பற்றிய பேச்சை எடுத்தபோது, கோடிக்கணக்கான டாலர் கணக்குகளைத் தடுமாறாமல் விளக்கிக்கொண்டிருந்தவரின் குரல் தழுதழுத்தது. குறுக்கு விசாரணையில் உணர்ச்சிவசப்படுவது சாட்சிக்கு அனுதாபம் தேடித்தரும் உத்தியாகவும் இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களுக்கு அதற்கான உரிமை உண்டு. மே மாதம் ஸ்கில்லிங்கும் லேயும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. லே தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஜூலையில் இறந்தார்.

2006 செப்டம்பர் 26 அன்று ஆண்ட்ரூ தன் தண்டனைக்காக நீதிபதி கென்னத் ஹொய்ட் முன் நின்றார். உடன்பாட்டில் எழுதப்பட்டிருந்தது பத்தாண்டு. அவருடைய ஒத்துழைப்பையும், அவரும் அவருடைய குடும்பமும் ஏற்கெனவே பட்ட துன்பத்தையும் கருதி ஹொய்ட் இரக்கம் காட்டினார். விதித்தது ஆறு ஆண்டு. அந்தத் துன்பத்தில் லியா அடைந்திருந்த ஓராண்டும் அடக்கம். ஐந்து மாதம் என்று பேசப்பட்டவர் பன்னிரண்டு மாதத் தண்டனை பெற்றார். பத்தாண்டு என்று பேசப்பட்டவர் ஆறோடு போனார், அந்த நான்காண்டுக் குறைப்புக்கான காரணங்களில் ஒன்றாக மனைவியின் சிறைவாசமும் அமைந்தது.